ஈஸ்டரும் இஷ்தாரும்: சித்தூர் எல்லையிலிருந்து ஒரு பெயராய்வு

ஒவ்வோராண்டும் மார்ச் மாத இறுதியில் ஒரு படம் என் கைப்பேசிக்கு வந்து சேரும். பாபிலோனியப் பெண் தெய்வமான இஷ்தாரின் புடைப்புச் சிற்பம். அதன்கீழ், இஷ்தார் என்ற பெயரே ஈஸ்டர் எனத் திரிந்தது என்றும், முட்டையும் முயலும் அத்தெய்வத்தின் வளமைக் குறிகள் என்றும் ஒரு விளக்கம். இதை அனுப்புவோரில் இரு வகையினர் உண்டு. கிறித்தவம் பிறர் விழாக்களைக் களவாடிக் கொண்டது என நிறுவ விரும்பும் நண்பர்கள் ஒரு வகை. ஈஸ்டர் கொண்டாடுவதே விவிலியத்திற்கு முரணானது எனக் கருதும் சிறு சபைகளின் ஊழியர்கள் மற்றொரு வகை. ஒருவரையொருவர் ஏற்காத இவ்விரு தரப்பாரும் ஒரே படத்தைப் பகிர்வது வேடிக்கைதான்.

சென்ற ஆண்டு திருப்பதியில் நடந்த ஒரு கருத்தரங்கில் முதுகலை மாணவி ஒருவர் இதே கருத்தைக் கட்டுரையாக வாசித்தார். அரங்கில் இருந்தோரில் மொழியியல் பயின்றவன் அநேகமாக நான் ஒருவனே. எழுந்து மறுத்திருக்க வேண்டும். நேரம் கடந்துவிட்டது, உணவு இடைவேளை நெருங்குகிறது என எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு அமர்ந்திருந்தேன். அக்கட்டுரை பாராட்டுடன் முடிந்தது. அன்று தீர்க்காத கடனை இப்பதிவில் தீர்க்க முயல்கிறேன்.

முதலில் ஒலிநிலையைப் பார்ப்போம். இரு சொற்கள் ஒரு மூலத்திலிருந்து வந்தவை என்றாலோ, ஒன்று மற்றொன்றிலிருந்து கடனாகப் பெறப்பட்டது என்றாலோ, காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல அவற்றின் வடிவங்கள் நெருங்கி வரவேண்டும். ஈஸ்டர், இஷ்தார் ஆகியவற்றில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. இஷ்தார் என்பது அக்காடிய மொழி வடிவம். அதன் உறவுச் சொற்கள் பிற செமித்திய மொழிகளில் அஸ்தார்த், அஷ்தோரெத் என்றெல்லாம் அமைகின்றன. மூலத்தில் சொல்லின் தொடக்கத்தில் அடித்தொண்டை மெய் ஒன்று இருந்தது. ஆங்கில ஈஸ்டரோ பழைய ஆங்கிலத்தில் ஏஆஸ்த்ரே என்ற வடிவில் இருந்தது. அதன் செருமானிய மூலம் 'அவுஸ்த்ர்' என்பது போன்ற ஒலிப்புடையது. செருமன் மொழியின் ஓஸ்டர்ன் அதன் உடன்பிறப்பு. அவுஸ்த்ர் ஒரு பக்கம், அஸ்தார்த் மறுபக்கம். இன்றைய ஆங்கில உச்சரிப்பில் கேட்கும் ஒற்றுமை, பழைய வடிவங்களை அருகருகே வைத்த மாத்திரத்தில் கலைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஈ' ஒலி வந்ததே பிற்காலத்து உயிரொலி மாற்றத்தால்தான்.

அவ்வாறாயின் ஈஸ்டரின் உண்மையான சுற்றம் எது? கிழக்கைக் குறிக்கும் ஈஸ்ட் என்ற ஆங்கிலச் சொல், வைகறையைக் குறிக்கும் இலத்தீன் அவுரோரா, கிரேக்க ஏயோஸ், லித்துவேனிய அவுஷ்ரா. இவற்றோடு வேதமொழியின் உஷஸ். நம் கோயில்களில் உஷக்கால பூசை என வழங்குகிறோமே, அதே உஷை. விடியலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்த சொற்கள் இவை. இவற்றிடையே உள்ள ஒலி வேறுபாடுகள் ஒழுங்கான விதிகளுக்கு உட்பட்டவை. அந்த ஒழுங்குதான் சான்று; காதுக்குக் கேட்கும் ஒற்றுமை சான்றாகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இதை எழுதும்போதே, ஈஸ்டர் வேதகாலத்து உஷை வழிபாடு என்ற மற்றொரு படம் நாளை என் கைப்பேசிக்கு வரக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. இஷ்தார் வாதத்தின் பிழையும் அதன் பிழையும் ஒன்றே. பெயரின் வரலாறு விழாவின் வரலாறு அன்று. வியாழக்கிழமையை ஆங்கிலத்தில் தோர் என்னும் செருமானியத் தெய்வத்தின் பெயரால் அழைக்கின்றனர்; அதனால் வியாழன்தோறும் அலுவலகம் செல்வோர் தோரை வணங்குவதாகக் கொள்ள முடியாது.

ஏஆஸ்த்ரே என ஒரு தெய்வம் இருந்ததா என்பதே தனி வினா. அதற்குப் பழைய எழுத்துச் சான்று ஒன்றே ஒன்று. இங்கிலாந்துத் துறவியான பீட், 725ஆம் ஆண்டளவில் காலக் கணிப்பைப் பற்றி எழுதிய இலத்தீன் நூலில், ஆங்கிலேயர் ஏப்ரலை ஒத்த மாதத்தை முன்பு அப்பெண் தெய்வத்தின் பெயரால் அழைத்தனர் என்று ஒரு குறிப்புத் தருகிறார். முட்டையைப் பற்றியோ முயலைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. 1835இல் யாக்கோபு கிரிம் இக்குறிப்பைக் கொண்டு ஓஸ்தாரா என ஒரு செருமானியத் தெய்வத்தை மீட்டுருவாக்கினார். பீட் ஊகித்து எழுதியிருக்கலாம் எனப் பலர் ஐயுற்றனர். 1958இல் செருமனியின் மோர்க்கன்-ஹார்ஃப் என்ற இடத்தருகே, அவுஸ்திரியாஹேனே என்னும் தாய்த்தெய்வங்களுக்குப் படைக்கப்பட்ட உரோமானியர் காலக் கல்வெட்டுகள் நூற்றைம்பதுக்கும் மேல் கிடைத்த பின்னர் ஐயம் ஓரளவு தணிந்தது. முயலைப் பற்றிய குறிப்போ மிகப் பிந்தியது. ஈஸ்டர் முயலை எழுத்தில் முதலில் காண்பது 1682இல், ஒரு செருமானிய மருத்துவரின் நூலில். முட்டைக்கு எளிய விளக்கம் உண்டு. பழைய தவக்கால ஒறுத்தலில் முட்டை விலக்கப்பட்டது. கோழி அதை அறியாது. நாற்பது நாள் சேர்ந்த முட்டைகள் ஈஸ்டரன்று உணவாயின.

இஷ்தார் கதையைப் பரப்பியதில் பெரும்பங்கு அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துச் சபை ஊழியருக்கு உண்டு. இரு பாபிலோன்கள் என்ற அவரது நூல் 1853இல் சிறு வெளியீடாக வந்து பின்னர் விரிவாக்கப்பட்டது. கத்தோலிக்கம் பாபிலோனியப் பல்தெய்வ வழிபாட்டின் தொடர்ச்சி என நிறுவுவதே அவர் நோக்கம். ஸ்காட்லாந்துச் சீர்திருத்தம் 1560இலேயே ஆண்டுவிழாக்களை ஒதுக்கிய மரபு. அம்மரபில் வந்தவர் ஈஸ்டரை ஐயுற்றதில் வியப்பில்லை. கத்தோலிக்கருக்கு எதிராக ஒரு புரட்டஸ்தாந்தர் ஆக்கிய கருவியை இன்று இரு சாராருக்கும் எதிராகப் பிறர் ஏந்துகின்றனர்.

ஹிஸ்லப்புக்கு எண்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, அவர் செய்த பிழையைத் தவிர்க்கும் வழியை நம் பக்கத்தில் வாழ்ந்த ஒருவர் காட்டியிருந்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயேசு சபையினர் தொடங்கிய கருநாடக மறைப்பணி, புதுச்சேரியிலிருந்து வடக்கே புங்கனூர் வழியாகத் தெலுங்குப் பகுதிக்குள் சென்றது. அப்பணியில் பல்லாண்டு இருந்தவர் கஸ்தோன் கேர்தூ. தெலுங்கும் வடமொழியும் கற்றவர். 1767இல் பாரிசுக்கு எழுதிய மடலில் வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் இடையேயுள்ள ஒற்றுமை தற்செயலன்று, பொது மூலத்தால் விளைந்தது என்றார். எண்ணுப் பெயர்கள், வினைத் திரிபுகள் என ஒப்புமையை வரிசைப்படுத்தினார். வில்லியம் ஜோன்ஸ் இதையே கல்கத்தாவில் சொன்னது 1786இல். கேர்தூவின் மடல் அச்சேறியதோ 1808இல். புகழ் முழுவதும் ஜோன்சுக்குப் போயிற்று. உஷஸையும் ஈஸ்டரையும் ஒரு குடும்பம் எனக் காட்டும் முறையின் முன்னோடிகளுள் ஒருவர், புங்கனூர் வழியாக உள்ளே சென்ற அதே மறைப்பணியைச் சேர்ந்தவர் என்பதைச் சித்தூர்ப் பகுதி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என எண்ணுகிறேன்.

இனி விழாவுக்கு வருவோம். ஆங்கிலத்திலும் செருமனிலும் தவிர ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளில் இவ்விழாவுக்கு விடியலோடு தொடர்புடைய பெயர் இல்லை. எபிரேய விடுதலை விழாவான பெசாஹ், அரமேயத்தில் பஸ்ஹா ஆகி, கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பாஸ்கா ஆயிற்று. சிறிய ஆசியாவின் சர்தை நகர ஆயர் மெலித்தோ 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்கா குறித்து ஆற்றிய கிரேக்க உரை நமக்குக் கிடைத்துள்ளது. எகிப்திலிருந்து விடுதலை, ஆட்டுக்குட்டியின் குருதி, கிறிஸ்துவின் சாவும் உயிர்ப்பும் ஆகியவை அவ்வுரையில் ஒரே இழையாகப் பின்னப்பட்டுள்ளன. மெலித்தோவுக்கும் பீடுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. கிறித்தவர்கள் இவ்விழாவைத் தொடங்கியபோது ஆங்கிலம் என்றொரு மொழியே இல்லை. விழாவின் தோற்றத்தை அறிய விரும்புவோர் கிரேக்கமும் அரமேயமும் எபிரேயமும் வழங்கிய நிலத்துக்குச் செல்லவேண்டும்.

அந்தச் செமித்தியச் சொல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மூன்று வழிகளில் வந்தது என்பது என் கணிப்பு. சிரியாக் வழிபாட்டு மொழியின் வழியாகக் கேரளத்துக்கு வந்தது மிகப் பழைய வரவு; அங்கே பெரிய வியாழன் இன்றும் பெசஹா வியாழன், அன்றிரவு வீட்டில் பிட்கும் புளிப்பற்ற அப்பம் பெசஹா அப்பம். போர்ச்சுகீசியர் வழியாகக் கடற்கரைக்கு வந்தது இரண்டாவது. சிங்களத்தில் ஈஸ்டர் பாஸ்கு என்றே வழங்குகிறது, தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கு, பாஸ்கா என்ற பெயர்கள் திருப்பாடுகளின் நாடகத்தைக் குறிக்கவும் நிலைத்தன. மூன்றாவது, புரட்டஸ்தாந்த விவிலிய மொழிபெயர்ப்புகளின் வழி: தமிழில் பஸ்கா, தெலுங்கில் பஸ்கா. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் இதற்கு நல்ல சோதனைக்களம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிரேக்கத்தின் பாஸ்காவை அவ்வோரிடத்தில் மட்டும் ஈஸ்டர் என்று பெயர்த்தது. லூத்தரின் செருமன் விவிலியமும் ஓஸ்டர்ன் என்றது. அவ்விரு விவிலியங்களையும் படித்து வளர்ந்தவர்களே நம் நாட்டுக்கு வந்தனர். ஆயினும் தமிழிலும் தெலுங்கிலும் அவ்விடத்தில் நிற்பது பஸ்கா. மூலமொழிக்குச் சென்று பெயர்த்ததன் பயன் அது.

பெயர்த்தேர்வு எவ்வளவு உயிர்ப்போடு தொடர்கிறது என்பதற்கு அண்மைக்காலத் துயரமொன்று சான்று. 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கைத் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளைச் சிங்கள ஊடகங்கள் பாஸ்கு தாக்குதல் என்றன. இலங்கைத் தமிழ் ஏடுகள் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் என்றன. தமிழ்நாட்டு ஏடுகளில் ஈஸ்டர் என்ற சொல்லே மிகுந்தது. ஒரே நாள், ஒரே இழப்பு. மூன்று பெயர்களுக்குப் பின்னே மூன்று வரலாறுகள்.

சித்தூர்ப் பகுதியில் இவ்வரலாறுகள் ஒன்றன்மீதொன்று படிந்துள்ளன. இன்றைய சித்தூரின் பெரும்பகுதி 1911 வரை வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1853இல் ஸ்கடர் உடன்பிறந்தார் அமைத்த ஆர்க்காடு மிஷனுக்குச் சித்தூர் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. அவர்களின் தந்தை ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர். ஆகவே மிஷனின் முதல் மொழி தமிழ். 1863இல் ஜேக்கப் சேம்பர்லின் மதனப்பள்ளிக்குச் சென்ற பின்னரே தெலுங்குப் பணி வலுப்பெற்றது. அம்மிஷன் டச்சுச் சீர்திருத்த மரபினது. ஸ்காட்லாந்தைப்போலன்றி, அம்மரபு 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய பேரவையிலேயே ஈஸ்டரைத் தக்கவைத்துக்கொண்டது. திருப்பதிப் பக்கமோ செருமனியின் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷனின் களம். முதல் உலகப் போர் செருமானியரை வெளியேற்றியபின் அமெரிக்க லூத்தரன்கள் அதை ஏற்றனர். அதிலிருந்து வளர்ந்த தென் ஆந்திர லூத்தரன் திருச்சபையின் தலைமையிடம் திருப்பதி. ஏழுமலையின் அடிவாரத்தில் ஒரு லூத்தரன் தலைமையகம் இருப்பதை வெளியூர் நண்பர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை.

இந்நிலத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வாரத்தை எவ்வாறு பெயரிடுகின்றன? நோன்பின் முதல் நாள் தமிழ்க் கத்தோலிக்கருக்கு விபூதிப் புதன் அல்லது திருநீற்றுப் புதன். தெலுங்கிலும் விபூதி புதவாரமு உண்டு. சைவத்தின் சொல் சாம்பலோடு சேர்ந்தே வந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறு தெலுங்கில் மட்டல ஆதிவாரமு. தமிழ் இளங்குருத்தைக் கண்டது. தெலுங்கு மட்டையைக் கண்டது. மட்டை, மட்ட என்பன இரு மொழிக்கும் பொதுவான திராவிடச் சொல். பெரிய வெள்ளியில் வழிகள் பிரிகின்றன. தமிழின் பெரிய வெள்ளி கிரேக்கத் திருச்சபையின் மாபெரும் வெள்ளியோடு பொருளால் ஒத்தது. தெலுங்கின் சுப சுக்ரவாரமு ஆங்கிலத்தின் குட் ஃபிரைடேயை அப்படியே பெயர்த்தது. ஆங்கிலத்தில் குட் என்பது அங்கே புனிதம் என்ற பழம்பொருளில் நிற்கிறது. அப்பொருள் வழக்கொழிந்தபின் பெயர்த்தால் சுபம் என்றுதான் வரும். கேரளம் அதே நாளைத் துக்க வெள்ளி என்கிறது. சித்தூரில் ஒரு வீட்டில் சுப சுக்ரவாரத்தன்று அழுதுகொண்டிருந்த மூதாட்டியிடம் நான் இம்முரணைக் கேட்டபோது, "சுபம் நமக்குப்பா, அவருக்கு இல்ல" என்றார். அதைவிடத் தெளிவான பொருள்விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

உயிர்ப்பு என்ற தமிழ்ச்சொல்லும் தனித்து நோக்கத்தக்கது. பழந்தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு. நின்ற மூச்சு மீண்டது என்று தமிழ் சொல்கிறது. தெலுங்கின் புனருத்தானமு மீண்டும் எழுதல் என்னும் வடமொழித் தொடர். திருமால் துயிலெழும் உத்தான ஏகாதசியை அறிந்த திருப்பதியில் அச்சொல் அயலாக ஒலிப்பதில்லை. ஈஸ்டர் விடியலில் ஆந்திரத்தின் பல சபைகளில் மக்கள் கல்லறைத் தோட்டத்துக்கு, அவர்கள் சொல்லில் சமாதுல தோட்டவுக்கு, மெழுகுவத்தியும் மலரும் ஏந்திச் செல்வர். முந்திய நாளே கல்லறைகள் வெள்ளையடிக்கப்பட்டிருக்கும். நற்செய்திகளில் பெண்கள் விடியலில் கல்லறைக்குச் சென்றதன் நினைவு அது. இறந்த தம் உறவினரையும் அந்நாளில் நினைப்பது இவ்வூரார் சேர்த்தது.

இப்பதிவின் முதல் வரைவை அந்த மாணவிக்கு அனுப்பினேன். பெருந்தன்மையோடு படித்துவிட்டு ஒரு வினா அனுப்பினார்: "அண்ணா, கிறிஸ்துமஸுக்கு ஒரே தேதி இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் ஆண்டுக்கு ஒரு நாள்?"

அதற்கு விடைகாணச் சித்தூரைவிட நல்ல ஊர் இல்லை. அங்கே ஒரே தெருவில் தெலுங்கர் சந்திரனைப் பார்த்து யுகாதி கொண்டாடுவர். தமிழர் சூரியனைப் பார்த்துச் சித்திரை முதல் நாளைக் கொண்டாடுவர். ஈஸ்டர் இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்கும் விழா. யூதரின் பெசாஹ், நிசான் மாதத்தின் 14ஆம் நாளோடு கட்டுண்டது. வளர்பிறைப் பிறையிலிருந்து எண்ணும் மாதம் ஆதலால் 14 என்பது ஏறத்தாழ முழுநிலவு. நிசான் வசந்தத்தில் வரவேண்டும் என்பதால் சூரியனும் கணக்கில் வரும். உயிர்ப்பு ஞாயிறன்று நிகழ்ந்ததால் வாரமும் சேரும். சிறிய ஆசியக் கிறித்தவர்கள் எந்தக் கிழமையாயினும் 14ஆம் நாளையே கொண்டாடினர். உரோமையர் ஞாயிற்றையே வேண்டினர். 155ஆம் ஆண்டளவில் சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்கே சென்று அனிசேத்தைச் சந்தித்துப் பேசினார். உடன்பாடு ஏற்படவில்லை, ஆயினும் அமைதியாகப் பிரிந்தனர். 190ஆம் ஆண்டளவில் விக்டர் அவர்களை விலக்கிவைக்க முயன்றபோது லியோன் ஆயர் இரனேயு தடுத்துப் பேசினார். 325இல் நிசேயாப் பேரவை எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்றது. இன்று நாம் சொல்லும் விதி, அதாவது மார்ச் 21இலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது, நிசேயா எழுதிவைத்த வாசகம் அன்று. அலெக்சாந்திரியக் கணிப்பு மரபு படிப்படியாக நிலைநாட்டியது. பாடநூல்கள் இதைத் தொடர்ந்து தவறாகவே எழுதுகின்றன.

இதன்படி ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே அமையும்; திருச்சபையின் அட்டவணை நிலவு வானத்து நிலவிலிருந்து ஓரிரு நாள் பிறழக்கூடும் என்பதை ஒதுக்கினால், எப்போதும் தேய்பிறையின் முதல் வாரத்தில் வரும். நாட்காட்டி பார்க்கும் எந்தத் திருப்பதிக்காரருக்கும் இதைச் சொன்னால் உடனே புரியும். 2018 மார்ச் 30ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். அன்று பெரிய வெள்ளி. எபிரேய நாட்காட்டியில் நிசான் 14. அன்று மாலை பெசாஹ் தொடங்கிற்று. தமிழருக்குப் பங்குனி உத்திரம். தெலுங்குப் பஞ்சாங்கத்திலோ யுகாதி கழிந்துவிட்டதால் அது சைத்திர மாதம். வளர்பிறைச் சதுர்த்தசி, அதுவும் 14. ஒரே நிலவைச் சித்தூரின் ஒரு வீட்டார் பங்குனி என்றனர், எதிர்வீட்டார் சைத்திரம் என்றனர். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் முதல் ஈஸ்டர் ஏப்ரல் 17. சைத்திர பௌர்ணமியில் நிறையும் திருமலையின் மூன்று நாள் வசந்தோற்சவம் அவ்வாண்டு ஏப்ரல் 14 முதல் 16 வரை, அதாவது பெரிய வியாழன் தொடங்கிச் சனி வரை நடந்தது. இதில் கடன்வாங்கலும் இல்லை, களவும் இல்லை. வெவ்வேறு மக்கள் வசந்தத்தின் ஒரே முழுநிலவை நோக்கி நாள் குறித்தனர், அவ்வளவே.

மாணவி தம் கட்டுரையைத் திருத்தி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். என் பக்கம் எஞ்சியுள்ளது தரவு. குப்பம், பலமநேர், நகரி, புத்தூர் பகுதிகளில் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஈஸ்டரைப் பாட்டி காலத்தில் என்ன பெயரால் அழைத்தனர் என்பதைத் திரட்டி வருகிறேன். குறிப்பாக உகர ஈறு கொண்ட பாஸ்கு வடிவம் கடற்கரையைத் தாண்டி இம்மேட்டு நிலம்வரை ஏறியதா என அறிய விரும்புகிறேன். கேட்டவர்கள், சொல்லை மட்டுமன்று, அதைச் சொன்னவரின் ஊரையும் ஏறத்தாழ வயதையும் எழுதியனுப்பினால் உதவியாக இருக்கும்.